ஆளுக்குப் பாதி சுவர்

அரிகரன் வீட்டைத் தூக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறான் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். தளம் போட்ட வீட்டை, உள்ளே சாமி படம் ஆணியில் மாட்டியது மாட்டியபடி இருக்க, சுவரோடு சேர்த்து மூன்றரை அடி மேலே ஏற்றுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்? வில்லியனூரில் இரண்டு மாடி வீட்டையே அப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்று சாமிக்கண்ணு சொன்னார். அவர் பஞ்சாயத்து வேலை பார்க்கிற கொம்யூன் ஆபீசில் பியூனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நாங்கள் கேட்போம். அதனால் ஒரு மாடி வீடாக இருக்கும் என்று வைத்துக்கொண்டோம்.

ஆவணி பிறந்ததும் லாரியில் ஜாக்கிகள் வந்து இறங்கின. கார் டயர் மாற்ற வைக்கிறார்களே, அதே சாமான்தான், கொஞ்சம் பெரிசு. கூடவே இரும்புச் சட்டங்கள், மரக்கட்டைகள், பீகார் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள். அவர்களுக்கு மேஸ்திரி பாக்யராஜ், நெட்டப்பாக்கத்துக்காரர். வெற்றிலை போட்ட வாயோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

எங்களுக்கு வேலையே ஓடவில்லை. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறவர்கள் கேனோடு அங்கேயே நின்றார்கள். எதிர் வீடு என்னுடையது என்பதால் என் வீட்டு வாசலில் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. கேள்விக்குக் குறைவில்லை. தூக்கும்போது உள்ளே ஆள் இருக்கலாமா? கரண்டு இருக்குமா? தரையை விட்டுக் கிளம்பிய வீட்டுக்குத் திரும்பப் பால் காய்ச்ச வேண்டுமா, பழைய கிரகப்பிரவேசமே செல்லுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பாக்யராஜ் கையை விரித்தார்.

"அத்த அய்யரக் கேளுங்க. நான் தூக்கறவன், அவ்ளோதான்" என்றார்.

அரிகரன் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன் மனைவி மகாலட்சுமி சேதராப்பட்டில் மருந்து டப்பா பேக்கிங் செய்யும் கம்பெனிக்குப் போகிறாள். விடிந்தும் விடியாமலும் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். எங்கள் தெருவில் முன்பு நடவுக்குப் போன பெண்களில் பாதிப்பேர் இப்போது அந்த வேனில்தான் போகிறார்கள். கழுத்தில் அட்டை தொங்க, தலைக்குக் குல்லாய் போட்டு வேலை செய்கிறார்கள். வெயில் இல்லை, சேறு இல்லை, இடுப்பு வலி இல்லை, கால் வலிதான். நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை.

வீட்டைத் தூக்கியே தீரவேண்டும் என்று நின்றவள் மகாலட்சுமிதான். அதற்குக் காரணம் இருந்தது. முந்தின கார்த்திகையில் புயல் மழை ஓய்ந்து, இனிப் பயமில்லை என்று அவள் வேலைக்குப் போயிருந்த நாளில் சங்கராபரணி ஆறு கரை தாண்டிவிட்டது. வேன் திரும்பி வர வழியில்லை. அரிகரன் வண்டியோடு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். வீட்டில் அவர்கள் மகள் வெண்ணிலா மட்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தையலம்மாள்தான் இடுப்பளவு தண்ணீரில் போய் அவளைத் தூக்கிவந்து, தன் வீட்டுப் பரண்மேல் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் படகு வந்துதான் இறக்கினார்கள். அன்றைக்குக் கம்பெனி வாசலில் நின்று போனை வைத்துக்கொண்டு தான் அழுத அழுகையை மகாலட்சுமி இப்போதும் சொல்வாள்.

"இன்னொரு வாட்டி என் பொண்ணு பரண்மேல உக்காரக் கூடாது. அவ்ளோதான் எனக்கு" என்பாள்.

தையலம்மாள் அரிகரனின் அண்ணன் இருசப்பனின் மனைவி. இரண்டு வீடும் ஒட்டினாற்போல இருக்கும். சரியாகச் சொன்னால் ஒரே வீடுதான், நடுவில் ஒரு சுவர். அப்பா இருந்தபோதே பாகம் பிரித்து, நட்ட நடுவே ஒன்பது அங்குலச் சுவர் வைத்து, இந்தப் பக்கம் பெரியவனுக்கு, அந்தப் பக்கம் சின்னவனுக்கு என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இருசப்பன் பக்கம் இன்னும் நாட்டு ஓடு. அரிகரன் தன் பக்கத்தைப் பிரித்துத் தளம் போட்டான். ஓட்டின் கைமரங்களும் அந்த நடுச்சுவரில்தான் உட்கார்ந்திருந்தன, தளத்தின் ஓரமும் அதில்தான் உட்கார்ந்திருந்தது.

சுவரில் அடுப்பங்கரைப் பக்கம் இரண்டு கல் அளவுக்கு ஒரு பொந்து உண்டு. சுவர் எழும்பும்போதே கொத்தனாரை மிரட்டித் தையலம்மாள் விடச்சொன்னது. ஓரகத்திகள் இரண்டு பேரும் அதன் வழியாகக் குழம்பு கொடுத்து வாங்குவார்கள், ஊர்க்கதையும் அதன் வழியாகத்தான் போகும். சண்டை என்றால் ஒரு பழைய துணியை அடைத்துவிடுவார்கள். துணி இரண்டு நாளைக்கு மேல் நின்று நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்று பக்கத்துச் சுவரையும் பாக்யராஜின் ஆட்கள் அடியில் தோண்டி, கல்லை எடுத்து, எடுத்த இடத்தில் சட்டமும் ஜாக்கியுமாக வைத்து முடித்தார்கள். நடுச்சுவருக்கு வந்தபோதுதான் இருசப்பன் வயலிலிருந்து வந்து மண்வெட்டியைச் சாத்திவிட்டு நின்றார்.

"இத்த தொடக்கூடாது" என்றார்.

அரிகரன் வெளியே வந்தான். "இன்னாண்ணா, அன்னிக்கே சொன்னனே."

"தூக்கப் போறன்னு சொன்ன. உன் வூட்ட நீ தூக்கிக்கோ, நான் வேணாங்கல. செவுரு ரெண்டு பேருக்கும் பொது. ஆளுக்குப் பாதின்னு பெரியவங்க பேசினது. உன் பாதிய எடுத்துக்கினு போ. என் பாதி தரையிலதான் நிக்கும்."

பாக்யராஜ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பாதின்னா எப்டிங்க? நீட்டுல பாதியா?"

"நீட்டுல இல்ல. கனத்துல. ஒன்பது இஞ்சி செவுரு. அந்தப் பக்கத்து நாலரை அவனுது, இந்தப் பக்கத்து நாலரை என்னுது."

சுற்றி நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இருசப்பன் சிரிக்கவில்லை. அவர் கேலிக்காகச் சொல்லவில்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து அவர் தன் பக்கத்துக்கு மட்டும்தான் சுண்ணாம்பு அடிப்பார், ஆணி அடித்தால் கூட நாலரை அங்குலத்தைத் தாண்டாத ஆணியாகப் பார்த்துத்தான் அடிப்பார். மனசில் அந்தச் சுவர் அவருக்கு இரண்டு சுவராகவே இருந்தது.

"ஐயா, ஒரே செவுர நெடுக்க அறுத்து பாதிய தூக்கி பாதிய வுடற மிஷின் இன்னும் வரலிங்க" என்றார் பாக்யராஜ். "ரெண்டு வழிதான் இருக்குது. செவுரு முழுசா தம்பி வூட்டோட மேல வரணும். உங்க ஓட்டுக்கு நாங்க முட்டு குடுத்துட்டு, அப்புறம் கீழ கல்லு வச்சு அடைச்சிடுவம். இல்லன்னா உங்க வூட்டையும் சேத்துத் தூக்கிடலாம். ஒரேடியா வேல முடிஞ்சிடும்."

"இன்னாத்த வச்சித் தூக்கறது? நான் நெலத்த விக்கல" என்றார் இருசப்பன்.

விஷயம் சுவரில் இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. எங்களுக்குத் தெரியாததும் இல்லை. ஊருக்கு மேற்கே அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கை அரிகரன் மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டான். அவர்கள் கிராவல் கொட்டி ஆளுயரம் மேடாக்கி, கலர் கலராகக் கொடி நட்டு, அதை ஒரு நகர் ஆக்கினார்கள். குறுக்கே போன வாய்க்கால் ஒரு சிமெண்ட் குழாய்க்குள் போய்விட்டது. அந்தக் குழாயில் ஒரு பூனை நுழையலாம், மழைத்தண்ணீர் நுழையாது. அதற்குப் பிறகு மேற்கே பெய்கிற மழையெல்லாம் முதலில் இருசப்பன் வயலில் நிற்கிறது, நிரம்பினால் எங்கள் தெருவுக்கு வருகிறது.

"நீ வித்த நெலத்த அவன் ஒசத்தினான்" என்றார் இருசப்பன், தம்பியின் முகத்தைப் பார்த்து. "அந்தத் தண்ணி நம்ம தெருவுக்கு வந்துச்சு. இப்ப அதுக்கு பயந்து நீ வூட்ட ஒசத்தற. அப்ப அந்தத் தண்ணி எங்க போவும்? சொல்லு. எங்க போவும்?"

அரிகரன் மேற்கே கையைக் காட்டினான். "நான் விக்காம வச்சிருந்தா மட்டும் இன்னாண்ணா ஆயிருக்கும்? நட்டது ரெண்டு போகம் தண்ணியில அழுவுச்சு. நடறதுக்கு ஆள் கேட்டுப் போனா எல்லாம் வேன்ல போயிடுச்சு. நீ அண்ணிய வச்சி ஓட்டற. நான் யார வச்சி ஓட்டறது?"

"உன் பொண்டாட்டியும் அந்த வேன்லதானடா போவுது."

"ஆமா போவுது. அதனாலதான் வூட்ல அடுப்பு எரியுது."

இருவர் சொன்னதிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவன் அயோக்கியன் என்றால் பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

வேலை நின்றது. பீகார் ஆட்கள் தெருவோரம் கல் வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தையலம்மாள் அவர்களுக்குக் கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துப் பார்த்தாள். கூழைக் குடித்துவிட்டு மோர் மிளகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், கருவாட்டை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தெரு இரண்டு கட்சி ஆயிற்று. சாமிக்கண்ணு மட்டும் மூன்றாவது கட்சி. வரப்பில் இருக்கிற தென்னையை ஒரு வருஷம் நீ, ஒரு வருஷம் நான் என்று முறை வைத்துக் காய் பறிப்பதில்லையா, அதுபோலச் சுவருக்கும் முறை வைக்கலாம் என்றார். ஒரு வருஷம் மேலே ஏற்றி மறு வருஷம் இறக்குவதா என்று கேட்டதும், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

ஓரகத்திகள் மட்டும் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பொந்தில் துணியும் அடைக்கவில்லை. எப்போதும் போலக் கிண்ணம் போயிற்று, வந்தது. தையலம்மாள் வழக்கமான கேலியை விடவில்லை.

"வாடியம்மா கம்பெனிக்காரி. மாத்திரைய எண்ணி எண்ணி விரல் தேஞ்சிடுச்சா?"

"நாங்க எண்ணறதில்லக்கா, மிஷின் எண்ணும். நான் டப்பாவ மூடறதுதான்."

"மூடறதுக்கா ஒரு அட்ட, ஒரு குல்லா?"

மகாலட்சுமி சிரித்தாள். பிறகு பொந்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "அக்கா, பாக்யராஜண்ணன் வேற எடத்துல வேல ஒத்துக்கினு இருக்காரு. இந்த வாரம் தூக்கலன்னா ஜாக்கிய எடுத்துக்கினு போயிடுவாராம். தோண்டினது தோண்டினபடி நிக்கும், ஐப்பசி வந்துடும்" என்றாள்.

"தெரியும்" என்றாள் தையலம்மாள். கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

ஐப்பசி வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே மேற்கே கறுத்தது. ஆவணியில் மழை புதிதல்ல. ஆனால் ஒரு மாதத்து மழையை ஒரு மணி நேரத்தில் கொட்டுகிற மழையை இப்போது சில வருஷமாகத்தான் பார்க்கிறோம். முற்றத்தில் உலர்த்திய மிளகாயை வாரக்கூட அவகாசம் இல்லை. இருசப்பன் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினார், குழாய் வாயை அடைத்த செத்தையைத் தள்ளிவிட.

நகர் பக்கத்திலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் தெருவுக்குள் வந்தது. பாக்யராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிகரன் வீட்டுக் குழிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் முறையாக அவர் வாயில் வெற்றிலை இல்லை.

"ஜாக்கி நிக்கற மண்ணு ஊறுது" என்றார் அரிகரனிடம். "மூணு பக்கம் ஜாக்கியில, ஒரு பக்கம் பழைய அஸ்திவாரத்துல. மூணு பக்கம் எறங்கி அந்தப் பக்கம் எறங்காம இருந்தா தளம் வெடிச்சிடும். ஒன்னு நடுச்செவுர இப்பவே அறுத்து ஒரு சாண் மேல எடுத்து, அடியில கட்ட போடணும். இல்ல, எல்லாரும் வெளிய வந்துடுங்க. எனக்கு வேற தெரியாது."

அரிகரன் அண்ணன் போன திசையைப் பார்த்தான். "அவரு வரட்டும்" என்றான். அவனுக்குத் துணிச்சல் இல்லை என்று அன்றைக்குச் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணன் இல்லாத நேரத்தில் அந்தச் சுவரில் கை வைத்தால் பிறகு செத்தாலும் வாழ்ந்தாலும் பேச்சு கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

மகாலட்சுமி வெண்ணிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். அழவில்லை. தன் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தையலம்மாள் தலையில் ஒரு சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நேராகப் பாக்யராஜிடம் போனாள்.

"அறு" என்றாள்.

"அம்மா, வூட்டுக்காரரு..."

"நான் யாரு, வழிப்போக்கியா? அது என் வூட்டுச் செவுரு. நான் சொல்றன், அறு."

"ஓடு சரியும்மா. முட்டு குடுக்க நேரம் பத்தாது, நாலஞ்சு வரிசை போயிடும்."

"போனா போவட்டும். ஓடு மறுபடி அடுக்கிக்கலாம்." பிறகு அவள் சொன்னது பாக்யராஜுக்கு இல்லை, எங்கள் எல்லோருக்கும். "அன்னிக்கிப் பரண்மேல இந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் என் கழுத்தக் கட்டிக்கினு இருந்துச்சே, அந்தப் புடி எனக்குத்தான் தெரியும். இன்னும் கழுத்து வலிக்குது எனக்கு. அந்த மனுசன் வந்தா நான் பேசிக்கிறன். நீ அறு."

அவர்கள் அறுத்தார்கள். ஒரு கல் எடுப்பதும் ஒரு ஜாக்கி வைப்பதுமாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. தெருவில் நின்ற ஆண்கள் எல்லோரும் இருசப்பன் வீட்டுக்குள் போய்க் கைமரங்களுக்கு அடியில் கிடைத்ததை எல்லாம் நிறுத்தினோம். உலக்கை, ஏணி, சவுக்குக் கம்பு, கடைசியில் என் வீட்டு நாற்காலி. அப்படியும் இரண்டு வரிசை ஓடு கடகடவென்று உருண்டு வந்து நெல் மூட்டைமேல் உடைந்தது.

எல்லா ஜாக்கிகளுக்கும் ஆள் நின்றது. ஒருவன் ஹிந்தியில் ஒரு சொல்லை நீட்டிச் சொல்வான், எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருகுவார்கள். மறுபடி சொல்வான், மறுபடி கால் சுற்று. வீடு ஏறுவது கண்ணுக்குத் தெரியவே இல்லை. இவ்வளவு நாள் நாற்காலி போட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். பிறகு யாரோ ஒருவர் கீழே பார்க்கச் சொன்னார். சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் நின்றவர்களின் கால்கள் அதன் வழியாகத் தெரிந்தன. மழை பெய்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

அந்த நேரத்தில்தான் இருசப்பன் வந்தார். இடுப்புக்குக் கீழே ஒரே சேறு. தன் வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தையலம்மாளைப் பார்த்தார். அவள் சாக்கை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள். திருகுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். எங்களில் இரண்டு பேர் அவருக்கும் அரிகரனுக்கும் நடுவே போய் நின்றோம்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க?" என்றார் இருசப்பன் பாக்யராஜிடம். "சீரா தூக்கு. என் பாதியும் சேந்துதான் போவுது."

மறுநாளும் அதற்கு மறுநாளும் வெயில் அடித்தது. ஆவணி முடிவதற்குள் வீடு மூன்றரை அடி ஏறி, அடியில் கல் கட்டி, மண் நிரப்பி, நாலு படியும் வைத்தாயிற்று. அய்யரைக் கேட்டதில் பால் காய்ச்சுவது நல்லது என்றார். எல்லோருக்கும் ஒரு டம்ளர் பால் கிடைத்தது. அண்ணன் வீட்டு ஓட்டுக் கூரையை அரிகரன் தன் செலவில் சரிசெய்து கொடுத்தான், இருசப்பனும் வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது மட்டும் வயலில் வேலை இருக்கிறது என்றார்.

சுவர் ஏறியதில் பொந்தும் ஏறிவிட்டது. தையலம்மாளுக்கு இப்போது முக்காலி போட்டு நின்றால்தான் எட்டும். மகாலட்சுமி அங்கிருந்து குனிந்து கிண்ணத்தை நீட்டும்போது மேலிருந்து கீழே கொடுக்கிறது போல ஆகிவிடுகிறது. இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை. நான்கைந்து நாளில் அந்த வழி தானாக நின்றுபோயிற்று.

ஒரு சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய மகாலட்சுமி தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். தையலம்மாள் கீழே நின்று முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருசப்பன் அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில். நான் என் வாசலில்.

"தண்ணி வந்தா யோசிக்காதீங்கக்கா" என்றாள் மகாலட்சுமி. "மாமாவக் கூட்டிக்கினு நேரா மேல வந்துடுங்க. உங்க வூடு மாதிரி."

"தண்ணி வந்தா வரேன். தண்ணியில்லாத நாள்ல எப்டி வரது?" என்றாள் தையலம்மாள். "இத்தினி நாளா உன் வூட்டுக்கு வந்தனா போனனான்னு எனக்கே தெரியாது. இப்ப நாலு படி ஏறணும். ஏறும்போதே இன்னாத்துக்குப் போறன்னு யோசன வருதுடி. விருந்தாளி மாதிரி."

மகாலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இன்னாக்கா பண்றது..."

"உன்ன யாரு கொற சொன்னது. நானும் ஏறணும். என் வூடும் ஏறணும்." கீரையை உருவிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் கேட்டாள். "உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களா?"

மகாலட்சுமி கேலி என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். சிரிக்கவில்லை.

"எடுக்கறாங்கக்கா. வயசு கேப்பாங்க."

"நாப்பத்தி நாலு. ஆதார்லயும் அதான். மாத்திச் சொல்றதெல்லாம் வராது எனக்கு."

"நாப்பத்தஞ்சு வரைக்கும் எடுக்கறாங்க. ஆனா நிக்கணும்க்கா. நாள் முழுக்க நிக்கணும்."

"நடவுல குனிஞ்சிக்கினே நின்னவதான நான். நிமுந்து நிக்கறதுக்கு இன்னா."

கட்டில் கிறீச்சிட்டது. இருசப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தார். தெருவில் கடைசியாக நடவு நடத்துகிற பெண் தையலம்மாள்தான். அவள் இருக்கிற தைரியத்தில்தான் அவர் தன் வயலையும் பக்கத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு எடுத்த நிலத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டால்தான் இன்னும் நாலு பெண்கள் சேற்றில் இறங்குவார்கள்.

"அப்ப நடவு?" என்றார்.

தையலம்மாள் கீரைக் காம்பைத் தூர எறிந்தாள். "நீ வெதச்சிக்கோ" என்றாள்.

இருசப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தார்.

புரட்டாசியில் அவள் வேனில் ஏறினாள். முதல் நாள் குல்லாய்க்குள் கொண்டை அடங்கவில்லை என்று வேனே சிரித்ததாம். இருசப்பன் நாற்றங்கால் விடவில்லை. புழுதி ஓட்டி, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு வந்தார். நட்டுப் பழகிய கைக்கு விதைப்பது சோம்பேறி வேலை என்று சொல்லிவந்தவர் அவர். அதனால் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து விதைத்தார். ஆனால் எங்கள் ஊரில் யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்று கிடையாது.

கார்த்திகையில் தண்ணீர் வந்தது. போன தடவை போல இல்லை, முழங்கால் அளவு. அரிகரன் வீட்டுக்கு இரண்டாவது படி வரைக்கும் வந்து நின்றது. இருசப்பன் வீட்டுக்குள் தாராளமாகப் போயிற்று, அதைவிடத் தாராளமாக என் வீட்டுக்குள் வந்தது. தெருவில் தாழ்ந்த வீடு இப்போது என்னுடையது. மேலே ஏறிவந்து தங்கச் சொல்லி மகாலட்சுமி கூப்பிட்டாள். போனேன். இருசப்பனும் நானும் அந்த உயரத்திலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வாரம் ஒரு பெண் வந்தாள். படித்துக்கொண்டிருக்கிறாளாம், மழை மாறிப்போனதற்கு விவசாயிகள் எப்படித் தங்களை மாற்றிக்கொள்கிறார்கள் என்று பார்க்கிறாளாம். நல்ல பெண். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள், கொடுத்த டீயைக் குடித்தாள். வரும் வழியில் வயல்களைப் பார்த்திருக்கிறாள். நட்ட வயலில் நாற்று மிதக்கிறது, ஒரு வயலில் மட்டும் பயிர் தலை தெரிய நிற்கிறது. அது இருசப்பனுடையது. மழைக்கு முன்னாலேயே விதைத்ததில் வேர் கொஞ்சம் ஆழம் பிடித்திருந்தது. அறுவடை வரை நிற்குமா என்பது வேறு விஷயம்.

"நீங்க மட்டும் நேரடி விதைப்புக்கு மாறியிருக்கீங்களே ஐயா" என்று ஆர்வமாகக் கேட்டாள். "வெள்ளத்த யோசிச்சுதான் மாறினீங்களா?"

இருசப்பன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"இல்லம்மா. பொண்டாட்டி கம்பெனிக்குப் போயிடுச்சு. நடறதுக்கு ஆளில்ல" என்றார்.

உள்ளே அரிகரன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கலாமா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள். இருசப்பன் சிரிக்கவில்லை. வேட்டியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டினார். "வேன் வர நேரம். தெருமுனையில பள்ளம் இருக்குது, அவளுக்குக் காலு வைக்கற எடம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கித் தண்ணீருக்குள் நடந்தார்.